விதியா, புழக்கமா? சிறார் ஆங்கிலப் பயிற்சியும் ரங்கத் வகுப்பறையும்

சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது? இலக்கண விதியைச் சொல்லிக்கொடுத்து, சொற்களை மனப்பாடம் செய்யவைத்து, கோடிட்ட இடங்களை நிரப்பவைத்தால் மொழி வந்துவிடுமா? அல்லது கதையும் பேச்சும் முதலில் காதில் விழட்டும், விதி பிறகு வரட்டும் என்று பொறுத்திருப்பதா? இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு காலமும் ஒரு வகைப் பள்ளியும் இருக்கின்றன.

அந்தப் பதில்களில் பெரும்பாலானவை ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வகுப்பில் உள்ள பிள்ளைகள் அனைவருக்கும் வீட்டுமொழி ஒன்றே, ஆசிரியருக்கும் அது தெரியும் என்பதே அது. அந்தமானின் ரங்கத் போன்ற ஊரில் இது பொருந்தாது. ஆகவே பழைய பதில்களை அந்த ஊரின் வகுப்பறையில் வைத்துப் பார்த்தால், எது நிற்கிறது, எது தடுமாறுகிறது என்பது கூடுதல் தெளிவோடு தெரியும்.

கேள்வி எழும் இடம்

ரங்கத் நடு அந்தமானில் உள்ளது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து அந்தமான் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இந்தப் பகுதியில் குடியமர்த்தப்பட்டன. ஜனகபூர், தசரத்பூர், ஊர்மிளாபூர், பஞ்சவடி என்று சுற்றியுள்ள ஊர்ப் பெயர்கள் பலவும் இராமாயணத்திலிருந்து வந்தவை. வங்காளிகளோடு தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த பழங்குடியினர் எனப் பல மக்கள் நடு அந்தமானில் வாழ்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள் 3.8 இலட்சம். வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. கடைத்தெருவிலும் ஜெட்டியிலும் பொதுமொழியாக இருப்பது அந்தமான் இந்தி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம் என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது அல்லது நான்காவது மொழி. அது பள்ளிக்கூட மொழியும்கூட. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஆங்கிலத்தில் பேசியே ஆகவேண்டிய இடம் அந்தப் பிள்ளைக்கு அரிது.

முதல் நிலைப்பாடு: விதியே அடித்தளம்

1835-இல் மெக்காலேயின் குறிப்பும் 1854-இல் வுட் அறிக்கையும் ஆங்கிலக் கல்விக்கு அரசு ஆதரவை உறுதிசெய்தன. கூடவே இலக்கண நூல்களும் வந்தன. லிண்ட்லி மர்ரே 1795-இல் வெளியிட்ட இலக்கணம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய மாணவர்களிடம் பரவிய ஜே.சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், 1930களில் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் அந்த மரபின் தொடர்ச்சி. ரென் அண்ட் மார்ட்டின் நூலும் முதலில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கில அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பேசத் தெரிந்த மொழியைச் சீர்செய்ய எழுந்த முறை, பேசத் தெரியாத மொழியைக் கற்பிக்கும் முறையாகிவிட்டது.

இந்த நிலைப்பாட்டின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆங்கிலம் சரளமாகப் பேசவராத ஆசிரியரும் இதைக்கொண்டு வகுப்பு நடத்தலாம். எது சரி, எது தவறு என்பதில் குழப்பமில்லை. தேர்வுக்கு ஏற்றது. புத்தகம் ஒன்றைத் தவிர வேறு வசதி தேவையில்லை. கப்பலையும் நெடுஞ்சாலையையும் நம்பியிருக்கும் ஊருக்கு இந்தக் கடைசிக் காரணம் சிறியதன்று.

பலவீனத்தைப் பயிற்சி ஏட்டிலேயே காணலாம். 'ஹி' என்ற எழுவாய்க்குப் பின் 'கோ' வருமா 'கோஸ்' வருமா என்று கேட்டால், விதியைப் படித்த பிள்ளை பத்துக்குப் பத்து வாங்கும். அதே பிள்ளை தன் அண்ணனைப் பற்றிப் பேசும்போது 'ஹி கோ' என்றே சொல்லும். ஏட்டில் விடை ஒரே இடத்தில், ஒரே வடிவில் காத்திருக்கிறது. பேச்சில் பொருளைத் தேடவேண்டும், சொல்லைத் தேடவேண்டும், அதோடு எழுவாயையும் பார்த்து வினையை மாற்றவேண்டும். முதல் திறன் இரண்டாவதாகத் தானே மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை.

இரண்டாவது நிலைப்பாடு: அளந்து கொடுப்பது

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கேள்வி இன்னொரு பக்கம் திரும்பியது. எத்தனை சொற்கள், எந்த வரிசையில்? டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளை வைத்து 1926-இல் இருமொழியம் பற்றிய நூலை வெளியிட்டார். பள்ளியைப் பாதியில் விட்டுச் செல்லும் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்பதே அவருடைய அடிப்படைக் கவலை. பேச்சைப் பாதி கற்றவருக்குப் பயன் குறைவு, வாசிக்கத் தெரிந்தவர் பள்ளிக்குப் பின்னும் தானாக வளரமுடியும் என்று வாதிட்டு, வாசிப்பை முன்னிறுத்தினார். அதற்காகச் சொற்களை எண்ணித் தேர்ந்து பாடங்களை அமைத்தார். அந்த வழியில் 1953-இல் வெளிவந்த அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன.

ஹெரால்ட் பாமர் போன்றோர் வாய்மொழிப் பயிற்சியை வலியுறுத்தினர். இந்த இரு ஓட்டங்களும் கலந்து உருவான அமைப்புமுறைப் பாடத்திட்டத்தை 1950களில் சென்னை மாநிலம் ஏற்றது. எளிய வாக்கிய அமைப்புகளைத் தரப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக வாயால் சொல்லிப் பழக்குவது அதன் சாரம். இதற்காக 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் பெருமுயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்க, அவர் மேலும் பலருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு அது. தொடக்கநிலை ஆங்கிலத்தை மாநில அளவில் ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்ட அந்த உழைப்பு மதிப்புக்குரியது.

ஆனால் 1970களில் ஐயங்கள் எழுந்தன. பழக்கிய வாக்கியங்களைப் பிள்ளைகள் தவறின்றிச் சொன்னார்கள். பழக்காத சூழலில் மொழியைப் பயன்படுத்தத் திணறினார்கள். சொற்பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கோ அச்சான நூல்களை எண்ணித் தொகுத்த பட்டியலில், தீவுப் பிள்ளையின் நாளில் முக்கியமான ஜெட்டி, ஓடை, முதலை, சதுப்புநிலக் காடு போன்றவற்றுக்கான சொற்கள் பின்வரிசைக்குப் போய்விடும். அடிக்கடி வரும் சொல் எல்லா இடத்திலும் அடிக்கடி தேவைப்படும் சொல்லாக இருக்கவேண்டியதில்லை.

மூன்றாவது நிலைப்பாடு: பொருள் முதலில், வடிவம் பின்னால்

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய திட்டம் இந்தக் கேள்விக்கு இந்திய மண்ணிலிருந்து எழுந்த மிக முக்கியமான பதில். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் அதை அறிந்தாலும், சென்னையிலும் கடலூரிலும்கூட அதன் வகுப்புகள் நடந்தன. வரைபடம் பார்த்து வழி சொல்லுதல், ரயில் அட்டவணை பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவெடுத்தல் போன்ற பணிகள் தரப்பட்டன. இலக்கணம் பாடமாக நடத்தப்படவில்லை. மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போது வடிவம் தானே உள்ளே படியும் என்பது பிரபுவின் கருதுகோள்.

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985-இல் இதன் மதிப்பீட்டை வெளியிட்டார்கள். திட்டத்தில் கற்ற குழு, வழக்கமான முறையில் கற்ற குழு என இரண்டும் தத்தமக்குப் பழகிய வகைத் தேர்வில் சிறப்பாகச் செய்தன. பொதுவான தேர்வுகள் திட்டத்துக்கு ஓரளவு சாதகமாக இருந்தன. முடிவு தற்காலிகமானது என்றே அவர்கள் எழுதினார்கள். தேர்ந்த ஆசிரியர்கள் நடத்திய சில வகுப்புகளின் அனுபவத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக்க முடியுமா என்ற ஐயமும் தொடர்ந்தது.

ரங்கத்துக்கு இன்னும் நெருக்கமான ஒப்பீடு ஒரு தீவுநாட்டிலிருந்து கிடைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் பிஜியில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் எட்டுக் கிராமப் பள்ளிகளின் வகுப்புகளுக்கு 250 கதைப் புத்தகங்களை வழங்கினார்கள். பிள்ளைகளுக்கு 9 முதல் 11 வயது. வீட்டில் பிஜிய மொழியோ இந்தியோ பேசுபவர்கள். வாய்மொழி வாக்கியப் பயிற்சி மட்டும் பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால், வாசிப்பிலும் கேட்டுப் புரிதலிலும் இவர்களின் வளர்ச்சி ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டாம் ஆண்டின் முடிவில் எழுத்துத் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது.

இதையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிஜியில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு மற்ற பாடங்களும் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆகவே ஆங்கிலம் காதில் விழும் நேரம் அதிகம். பலன் புத்தகம் இருக்கும்வரை மட்டும்தானா, அது தேய்ந்து கிழிந்தபின்னும் நிலைக்குமா என்பது வேறு கேள்வி.

விதியை மீண்டும் பார்த்த ஆய்வுகள்

பொருள் மட்டும் போதும் என்ற வாதமும் சோதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் ஜான் நோரிஸ், லூர்தஸ் ஒர்ட்டேகா இருவரும் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விதியை வெளிப்படையாகக் கற்பித்தால் பயன் கூடுகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களைப் பற்றியவை. பல ஆய்வுகளின் தேர்வுகளும் விதியறிவையே அளந்தன. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதிலிருந்து நேரடி முடிவு எடுக்க இயலாது.

மான்ஃப்ரெட் பீனெமன் 1980களில் சொன்ன கருத்து இங்கே முக்கியமாகிறது. மொழி வடிவங்கள் ஒரு வரிசையில் உள்ளே வருகின்றன, அந்தப் படிக்கு ஆயத்தமாகாத கற்பவருக்குக் கற்பித்தல் பலிக்காது என்பது அவர் கருத்து. 'கோஸ்' என்பதிலுள்ள அந்தச் சிறிய ஒலி, விளக்க எளிது. ஆனால் இயல்பான பேச்சில் வரக் காலம் பிடிக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தொடக்க வகுப்பிலேயே நாம் அதைப் பாடமாக்குகிறோம், தவறினால் மதிப்பெண் குறைக்கிறோம். பிள்ளை சோம்பலால் தவறுகிறது என்று எண்ணுவது அநியாயம்.

வயது பற்றியும் ஒரு பொதுநம்பிக்கை உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். கார்மென் முன்யோஸ் தலைமையில் பார்சிலோனாவில் நடந்த நீண்ட ஆய்வு, 2006-இல் வேறு படத்தைக் காட்டியது. கத்தலான், ஸ்பானியம் இரண்டையும் அறிந்த பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்கும்போது, சம எண்ணிக்கையிலான வகுப்பு நேரத்தில், சற்று வயது கூடித் தொடங்கியவர்களே வேகமாக முன்னேறினார்கள். ஆங்கிலம் சுற்றிலும் ஒலிக்காத இடத்தில், இளமையின் சாதகம் தானாக வேலை செய்யாது என்பதையே இது உணர்த்துகிறது.

வீட்டுமொழியின் இடம்

தாய்மொழியின் அமைப்பே பிழைகளுக்குக் காரணம் என்று 1957-இல் ராபர்ட் லாடோ வாதிட்டார். ஹைடி டுலே, மரீனா பர்ட் ஆகியோர் 1974-இல் அதை மறுத்து, எந்த மொழிப் பிள்ளையானாலும் ஒரேவகைப் படிகளைக் கடந்துதான் ஆங்கிலத்தை அடைகிறது என்றார்கள். இன்று பெரும்பாலானோர் இரண்டுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். ரங்கத்தில் இது ஏட்டு விவாதமாக நின்றுவிடாது.

ஒரே பெஞ்சில் மூன்று பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தன் தாய் ஒரு செவிலியர் என்பதை ஒவ்வொருவரும் வீட்டுமொழியில் சொல்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை 'என் அம்மா நர்ஸ்' என்கிறது. வங்காளப் பிள்ளை 'ஆமார் மா நர்ஸ்' என்கிறது. இந்திப் பிள்ளை 'மேரி மா நர்ஸ் ஹை' என்கிறது. ஆங்கிலத்திலோ 'மை மதர் இஸ் எ நர்ஸ்'. 'இஸ்' இருக்கும் இடத்தில் தமிழிலும் வங்காளத்திலும் எதுவும் இல்லை. இந்தியில் 'ஹை' உண்டு, ஆனால் கடைசியில். 'எ' என்ற ஆர்ட்டிக்கிளுக்கு மூன்று மொழியிலும் நேர்ப் பொருத்தம் இல்லை. அடுத்து 'ஹி', 'ஷி' வேறுபாட்டுக்குப் போனால் நிலைமை மாறுகிறது. அவன், அவள் என்று பிரித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அது எளிது. இருவருக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் வங்காளப் பிள்ளைக்குத் தடுமாற்றம் வரலாம்.

ஒரே பயிற்சித்தாள், மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வேறு சுமைகள். யாருக்கு எந்த இடம் கடினம் என்று ஆசிரியர் அறிந்தால், பத்துப் பயிற்சிகளில் தேவையில்லாத ஐந்தை விட்டுவிடலாம். இதற்கு ஆசிரியர் எல்லா மொழியிலும் பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. அவற்றின் வாக்கிய அமைப்பில் சில அடிப்படை வேறுபாடுகளை அறிந்தால் போதும்.

1979-இல் ஜிம் கம்மின்ஸ் முன்வைத்த கருத்து, முதல் மொழியில் வலுவாக வளர்ந்த எழுத்தறிவு இரண்டாம் மொழிக்கும் துணை செய்யும் என்பது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. தீவுகளின் பள்ளிகள் ஆங்கிலம், இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகளைக் கண்டவை. இருப்பினும் கலப்பு வகுப்பில் எந்த வீட்டுமொழி என்ற கேள்விக்குக் கொள்கையில் எளிய விடை இல்லை. பொதுமொழியான இந்தியில் விளக்கினால் பெரும்பாலோருக்குப் புரியும். அதற்கு விலையாகத் தமிழ்ப் பிள்ளையின் தமிழ் எழுத்தறிவு வகுப்பறையில் இடமிழக்கலாம். இது அக்கறையோடு எடைபோட வேண்டிய இழப்பு.

சொல் எப்படித் தங்குகிறது

இலக்கணத்தைவிடச் சொல் கற்றலில் கருத்தொற்றுமை அதிகம். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் அளந்து காட்டினார். ஒரே நாளில் இருபது முறை எழுதுவதைவிட, நாட்களை விட்டுவிட்டு நினைவிலிருந்து மீட்டெடுப்பதே சொல்லைத் தங்கவைக்கிறது. சொற்களைத் தனியே பயில்வதும் வேண்டும், பொருளோடு படித்துக் கேட்டுச் சந்திப்பதும் வேண்டும், இரண்டுக்கும் நேரத்தைச் சமன்செய்து பிரிக்க வேண்டும் என்கிறார் பால் நேஷன். நம் பள்ளிகளில் இன்னும் வழக்கிலிருக்கும் இம்போசிஷன் இந்தச் சான்றுகளுக்கு எதிராகவே நிற்கிறது.

ரங்கத் பிள்ளையிடம் பயன்படுத்தப்படாத ஒரு முதலும் இருக்கிறது. பஸ், டிக்கெட், ஜெட்டி, போட், நர்ஸ், டியூட்டி, ரேஷன் எனப் பல ஆங்கிலச் சொற்கள் தமிழ் வழியாகவும் இந்தி வழியாகவும் ஏற்கெனவே அதன் வாயில் புழங்குகின்றன. ஆங்கில எழுத்துப் படநூலில் வரும் இக்லூவிலிருந்து தொடங்குவதைவிட இவற்றிலிருந்து தொடங்கி வாக்கியத்துக்குப் போகலாம். உச்சரிப்பும் பொருளும் சில இடங்களில் மாறியிருக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அறிந்த உலகத்துக்குள்ளேயே பிள்ளையை நிறுத்திவிடக் கூடாது என்ற எதிர்வாதமும் நியாயமே. தொடக்கம் எங்கே என்பதில்தான் இந்த யோசனை. எங்கே போய்ச் சேர்வது என்பதில் அன்று.

பாடநூலும் கைப்பேசியும்

தீவுகளின் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வாரியத்தைச் சேர்ந்தவை. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களே அவற்றில் வழங்குகின்றன. 2005 கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி ஆர். அமிர்தவல்லி தலைமையிலான குழு தயாரித்த ஆங்கிலக் கற்பித்தல் ஆவணம், செழுமையான மொழிச் சூழலே முதல் தேவை என்றது. அந்தக் காலத்து மேரிகோல்டு நூல்களிலும், 2023 முதல் வரும் மிருதங், சந்தூர் நூல்களிலும் கதை, பாட்டு, உரையாடல் முன்னே நிற்க, இலக்கணம் அவற்றினூடே வருகிறது. ஆயினும் டியூஷனிலும் தேர்விலும் பழைய பயிற்சிமுறையே பல இடங்களில் ஆட்சி செய்கிறது. புத்தகம் ஒரு நிலைப்பாட்டிலும் தேர்வுத்தாள் இன்னொரு நிலைப்பாட்டிலும் இருக்கும்போது பெற்றோர் தேர்வுத்தாளையே நம்புவது இயல்பு.

2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். அது இணைக்கும் இடங்களில் ரங்கத்தும் ஒன்று. அதன்பின் ஆங்கில ஒலியும் கதையும் பயிற்சிச் செயலிகளும் அங்கே எட்டக்கூடியவை ஆகியுள்ளன. உடனடித் திருத்தமும், இடைவெளி விட்டு நினைவூட்டுவதும் செயலிகளின் பலம். பல செயலிகள் தனித்தனி வாக்கியங்களோடு நின்றுவிடுவது பலவீனம். கேட்கும் கதைகளே நீண்டகாலத்தில் கூடுதல் பயன் தரலாம் என்று பிஜி அனுபவத்தை ஒட்டி ஊகிக்கலாம். அது ஊகமே.

மதிப்பீடு

நாடு முழுவதற்குமான நிலை நிறைவு தருவதாக இல்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கைப்படி ஊரகப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 24.5 விழுக்காடு. 2016-இல் 24.7. ஆறாண்டுகளில் அசைவே இல்லை. இதைக் கண்டு பயிற்சியை இன்னும் கூட்டு என்பது அவசரத் தீர்ப்பாக இருக்கும்.

சான்றுகளை ஒருசேரப் பார்த்தால் மூன்று முடிவுகள் ஓரளவு உறுதியானவை. ஆங்கிலம் வெளியே ஒலிக்காத ஊரில் பற்றாக்குறை விதிக்கு அன்று, பொருளோடு சந்திக்கும் ஆங்கிலத்துக்கே. பயிற்சி வேண்டும். ஆனால் பிள்ளை ஏற்கெனவே கேட்டோ வாசித்தோ புரிந்துகொண்ட ஒன்றைக் கூர்மைப்படுத்தும்போதே அது பலன் தருகிறது. வீட்டுமொழியை வகுப்பறையிலிருந்து விலக்குவதால் ஆங்கிலம் வளர்வதாகச் சான்று இல்லை.

திறந்திருக்கும் கேள்விகளும் மூன்று. வெளிப்படையான இலக்கணத்தை எந்த வயதில் தொடங்குவது என்பதில் ஒத்த கருத்து இல்லை. பல வீட்டுமொழிகள் கலந்த வகுப்பில் விளக்கம் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதற்கு, பெரும்பாலும் ஒருமொழி வகுப்புகளிலிருந்து பிறந்த கோட்பாடுகள் விடை தரவில்லை. கதைப் புத்தகங்களின் பலன், தேர்ந்த பயிற்சி பெறாத ஆசிரியரிடமும் தொடருமா என்பதும் தெளிவாகவில்லை.

இந்தக் கேள்விகளுக்கான விடையை பெங்களூரோ பிஜியோ ரங்கத்துக்காகக் கண்டுபிடித்துத் தராது. மூன்று நான்கு மொழிகளோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பிழைகளை அன்றாடம் பார்க்கும் ஆசிரியர்கள், அவற்றை மொழிவாரியாகக் குறித்துவைத்து ஒருவரோடொருவர் பகிரத் தொடங்க வேண்டும். கல்வித்துறை அதற்கு நேரமும், வகுப்புக்கொரு சிறு கதை நூலகமும் ஒதுக்க வேண்டும். அதுவரை, பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மை இடுவதற்கு முன், அந்தப் பிழை எந்த மொழியிலிருந்து, எந்தப் படியிலிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பது எல்லா ஆசிரியராலும் பெற்றோராலும் இயலும்.